கறுப்பின இளையோரின் அறிவியல் கல்வியும் குடும்பமும்

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் கணிதம், அறிவியல், பொறியியல், கணினி ஆகிய துறைகளில் முன்னேறுவதற்காக, அவர்களுடைய பெற்றோர், தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா ஆகியோரையும் கல்வியில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றன. மாலை நேரக் குடும்ப வகுப்பு, சனிக்கிழமைப் பள்ளி, கோடை முகாம், தேவாலயக் கூடத்தில் நடக்கும் செய்முறைப் பயிற்சி என இவற்றின் வடிவங்கள் பல. இவை அனைத்துக்கும் அடியில் ஒரு கேள்வி உள்ளது. குடும்பம் பள்ளி விழாவுக்கு வந்து கைதட்டிச் செல்லும் கூட்டமா, அல்லது பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்ற முடிவில் பங்குடைய தரப்பா? இரண்டாவது நிலையைக் குடும்பத்துக்கு அளித்த முயற்சிகளே பெரும்பாலும் நின்று நிலைத்துள்ளன.

பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் வேலையில் உள்ளோரில் 11 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பணிகளில் அவர்களின் பங்கு 9 விழுக்காடு. மருத்துவம் சார்ந்த பணிகளையும் சேர்த்த கணக்கு இது; பொறியியலை மட்டும் எடுத்துக்கொண்டால் 5 விழுக்காடாகக் குறைகிறது. இத்துறைகளில் இளநிலைப் பட்டம் பெறுவோரில் கறுப்பினத்தவர் 7 விழுக்காட்டினர்.

எட்டாம் வகுப்பு என்னும் வாசல்

குடும்பத்தின் பங்கு ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்கப் பள்ளிகளின் கணித வரிசையை அறிய வேண்டும். நம் ஊரில் ஒரு வகுப்பில் உள்ள எல்லோருக்கும் ஒரே கணிதப் பாடநூல். அங்கே அப்படியில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் மாணவர்கள் வெவ்வேறு கணிதப் பாடங்களில் இருப்பார்கள். வழக்கமான வரிசை இது: முதலாம் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம், அதன் பின் நுண்கணிதம். மொத்தம் ஐந்து ஆண்டுப் பாடங்கள். உயர்நிலைப் பள்ளியோ ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கே ஆண்டுகள். ஆகவே, எட்டாம் வகுப்பிலேயே முதலாம் இயற்கணிதத்தைத் தொடங்கிய மாணவரே, இடையில் எதையும் தாண்டாமல் பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தைத் தொட முடியும். பொறியியல், இயற்பியல் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது இது பெரிய வேறுபாடாகிறது.

எட்டாம் வகுப்பில் யார் இயற்கணிதத்தில் அமர்வது என்பதைப் பல இடங்களில் தேர்வு மதிப்பெண்ணும் ஆசிரியரின் பரிந்துரையும் தீர்மானிக்கின்றன. பெற்றோர் கேட்டுப் பெறும் வழியும் பல பள்ளிகளில் உண்டு. ஆனால் கேட்கலாம் என்பது தெரிந்தவர்களே கேட்பார்கள். கல்லூரி படித்த பெற்றோருக்கு இந்த வரிசை தெரியும். பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளிக்குச் சென்று பேசிவிடுவார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி செல்லப்போகும் பிள்ளையின் தாய்க்கு இது தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பதின்மூன்று வயதில் எடுக்கப்படும் ஒரு முடிவு, பதினெட்டு வயதில் எந்தக் கதவு திறக்கும் என்பதை ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. அக்கறையற்ற பெற்றோர் என்ற குற்றச்சாட்டு எழும் இடங்களில், உண்மையில் இருப்பது பெரும்பாலும் இந்தத் தகவல் இடைவெளியே.

முன்வரலாறு

கறுப்பினக் குடும்பங்கள் கல்விக்காகப் போராடிய வரலாறு நீண்டது. அடிமை முறை நிலவிய காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகும் தனிப் பள்ளிகள், குறைந்த நிதி, குறைந்த வகுப்புகள் என்ற நிலை நீடித்தது. பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் 1954இல்தான் தீர்ப்பளித்தது.

இந்தச் சூழலில் அறிவியலைக் குடும்பத்தின் வாசலுக்கே கொண்டு சென்ற ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நிறுவனத்தில் வேளாண் அறிவியலாளராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஒரு குதிரை வண்டியை நடமாடும் பள்ளியாக வடிவமைத்தார். நியூயார்க்கைச் சேர்ந்த மாரிஸ் ஜெசப் பண உதவி செய்ததால் அது ஜெசப் வண்டி எனப்பட்டது. 1906இல் அது கிராமங்களுக்குச் செல்லத் தொடங்கியது. தாமஸ் கேம்ப்பெல் என்பவர் அதன் பொறுப்பை ஏற்றார். பருத்தியையே திரும்பத் திரும்பப் பயிரிட்டதால் மண் சத்திழந்து போயிருந்தது. வேர்க்கடலை, காராமணி போன்ற பயறு வகைகளை மாற்றுப் பயிராக இட்டால் அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைநிறுத்தும் என்பது கார்வர் பரப்பிய அடிப்படைப் பாடம். வகுப்பறையில் இதைச் சொல்லியிருந்தால் மகன் மட்டும் கேட்டிருப்பான். வயல் வரப்பில் செய்து காட்டியதால் தந்தை, தாய், பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த பருவத்தில் என்ன விதைப்பது என்ற முடிவு குடும்பத்துடையது அல்லவா? பின்னாளில் இவ்வண்டி மோட்டார் வாகனமாக மாறியபோது, செவிலியரும் மனையியல் பயிற்றுநரும் உடன் சென்றனர்.

நாசாவில் விண்கலப் பாதைகளைக் கணக்கிட்ட கேத்தரின் ஜான்சனின் வாழ்க்கையில் குடும்பத்தின் முடிவே திருப்புமுனையாக அமைந்தது. அவர் 1918இல் மேற்கு வர்ஜீனியாவின் வைட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்த மாவட்டத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளி இல்லை. அவருடைய பெற்றோர் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்த இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பள்ளி நடக்கும் மாதங்களில் தாயும் பிள்ளைகளும் அங்கே. தந்தை சொந்த ஊரில் வேலை செய்து பணம் அனுப்பினார். நான்கு பிள்ளைகளுக்காக ஒரு குடும்பம் ஆண்டுதோறும் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தது. கேத்தரின் பதினெட்டு வயதில், 1937இல், பட்டம் பெற்றார். 2015இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய கணிதத் திறமை பற்றி நிறையப் பேசப்படுகிறது. வாடகை வீடு எடுத்துப் பிள்ளைகளைக் குடியமர்த்திய பெற்றோரைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது.

விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்நேரின் அண்ணன் சொன்ன நிகழ்ச்சியும் இவ்வகையானதே. தென் கரோலினாவின் லேக் சிட்டி நூலகம் 1959இல் கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தருவதில்லை. ஒன்பது வயதுச் சிறுவன் ரொனால்ட் புத்தகங்களுடன் மேசை முன் போய் நின்றான். நூலகர் மறுத்தார், போகாவிட்டால் காவலரை அழைப்பதாகவும் சொன்னார். சிறுவன் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். காவலர் வந்தார்கள், தாயும் வரவழைக்கப்பட்டார். சிறுவனிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடலாமே என்று காவலரே சொன்னார்கள். மகன் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்வான் என்று தாய் உறுதியளித்தார். புத்தகம் கிடைத்தது. மெக்நேர் 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்தார். அந்த நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் நினைவில்லமாக உள்ளது.

இயற்கணிதத் திட்டம்

குடும்பங்களைக் கல்வியில் ஈடுபடுத்தும் முயற்சிகளில் மிகவும் ஆழமானது ராபர்ட் மோசஸ் தொடங்கிய இயற்கணிதத் திட்டம். 1935இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த மோசஸ், 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்தில் முன்னணியில் இருந்தார். பின்னர் தான்சானியாவில் சில ஆண்டுகள் கணிதம் கற்பித்தார். நாடு திரும்பி மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறினார்.

1982இல் அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவள் பள்ளியில் இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை. வகுப்பிலேயே வந்து மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசிரியர் அழைத்தார். மகள் மட்டும் தனியாக உட்கார விரும்பவில்லை. இன்னும் சில மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தந்தை மகளுக்குப் பாடம் சொல்ல வந்த இடத்தில் ஒரு சிறு வகுப்பு உருவாகிவிட்டது. ஆண்டு முடிவில் அவர்களில் சிலர் நகர அளவிலான இயற்கணிதத் தேர்வில் தேறினர்.

அதன் பின் மோசஸ் செய்ததுதான் முக்கியம். திறமையான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தனி வகுப்பு நடத்துவது எளிது. அவர் பெற்றோரிடம் சென்றார். உங்கள் பிள்ளை இயற்கணிதம் படிக்க வேண்டுமா என்று கேட்டபோது எல்லோரும் ஆம் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் படிக்கலாமா என்றபோது சிலர் தயங்கினார்கள். ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையால் முடியும் என்று நம்பினால், எந்தப் பிள்ளையை முடியாது என்று ஒதுக்குவது? இந்த முரண்பாட்டைப் பெற்றோர் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள விட்டார். விரும்பும் அனைவருக்கும் இயற்கணிதம் என்ற நிலை அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. பெற்றோருக்கும் சனிக்கிழமை காலையில் இயற்கணித வகுப்பு நடந்தது. தாயும் தந்தையும் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த பிள்ளை, கணக்கு வராதது தனக்கு மட்டும் உள்ள குறையல்ல என்று தெரிந்துகொண்டது.

மிசிசிப்பியில் கற்ற பாடத்தையே மோசஸ் இங்கே பயன்படுத்தினார். குத்தகை விவசாயிகளுக்கு வாக்குரிமையில் அக்கறையில்லை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. அவர்களே வரிசையில் வந்து நின்று கேட்டபோது அந்தப் பேச்சு அடங்கியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கணக்கில் நாட்டமில்லை என்ற பேச்சும் அப்படியே அடங்கும் என்று அவர் கருதினார். கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும்.

கற்பித்தல் முறையிலும் அவர் ஒரு நுட்பத்தைக் கண்டார். எண்கணிதத்தில் பிள்ளைகளுக்குப் பழகிய கேள்வி எவ்வளவு என்பது. இயற்கணிதத்துக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: எந்தப் பக்கம்? குறை எண்கள் புரியாமல் தடுமாறும் மாணவர் பலர் உண்மையில் இந்த இரண்டாம் கேள்வி இல்லாமல் தடுமாறுபவர்கள். இதற்காக மோசஸ் மாணவர்களைச் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்றார். புறப்படும் நிலையத்தைப் பூச்சியமாகக் கொண்டால், ஒரு திசையில் உள்ள நிலையங்கள் மிகை முழுக்கள், எதிர்த்திசையில் உள்ளவை குறை முழுக்கள். பயணம் முடிந்ததும் மாணவர் அதைப் படமாக வரைவார், தம் சொந்தப் பேச்சு மொழியில் விவரிப்பார், அதை ஒழுங்குபட்ட மொழியில் மாற்றுவார், கடைசியில்தான் குறியீடு. அன்றாடம் தாய் வேலைக்குப் போகும் ரயில் எண்கோடாக மாறுகிறது. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேச முடியும்.

மோசஸின் பிள்ளைகளும் திட்டத்தில் பயின்ற மற்ற இளைஞர்களும் 1996இல் இளையோர் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினர். இதில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பயிற்சியும் ஊதியமும் பெற்று, சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊதியம் என்பது சிறிய செய்தியல்ல. பள்ளி முடிந்தபின் கடையில் வேலை செய்து வீட்டுக்கு உதவ வேண்டிய இளைஞருக்கு, கணிதம் கற்பிப்பதே அந்த வேலையாகிறது. மோசஸ் 2021இல் மறைந்தார்.

வீட்டுப்பாடத்தை மாற்றி அமைத்தல்

கலிபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள லாரன்ஸ் அறிவியல் கூடம் 1981இல் குடும்பக் கணிதம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கணிதத்திலிருந்து ஒதுங்கி நின்ற பெண்களையும் சிறுபான்மையினரையும் மனத்தில் கொண்டு எழுந்த முயற்சி இது. பெற்றோரும் பிள்ளையும் சில வாரங்கள் மாலை நேரத்தில் ஒன்றாக அமர்ந்து, பயறு, பல்குச்சி, காகிதம் போன்ற எளிய பொருள்களைக் கொண்டு விளையாட்டாகக் கணிதம் செய்வார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பதால் பள்ளிகள், தேவாலயங்கள், நூலகங்கள் எனப் பல இடங்களுக்கு இது பரவியது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டைன் வகுத்த ஊடாட்ட வீட்டுப்பாடம் வேறு வகையானது. சாதாரண வீட்டுப்பாடத்தில் பெற்றோர் ஆசிரியராக வேண்டியிருக்கிறது. தமக்கே தெரியாத வேதியியலைச் சொல்லித்தர முடியாமல் தாய் கூனிக் குறுகுவதும், பிள்ளை எரிச்சலடைவதும் பல வீடுகளில் காணக்கூடியது. எப்ஸ்டைனின் முறையில் சொல்பவர் பிள்ளை, கேட்பவர் பெற்றோர். மாணவர் ஒரு சிறு சோதனையை வீட்டில் செய்து காட்டி விளக்குவார். பெற்றோரின் அனுபவத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார். பிள்ளைக்குப் புரிந்ததா, மகிழ்ச்சியாகச் செய்ததா என்று பெற்றோர் ஆசிரியருக்கு ஓரிரு வரி எழுதி அனுப்புவார். மொத்தம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவுப் பணிக்குச் செல்லும் தாய்க்கும் இது இயலும்.

பெற்றோர் ஈடுபாட்டைப் பள்ளிக் கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணி அளக்கும் வழக்கம் அங்கும் உண்டு. அந்த அளவுகோல் தவறானது. மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு வர முடியாத மருத்துவமனை உதவியாளர், காலையில் மகனிடம் நேற்றுப் பள்ளியில் என்ன சோதனை செய்தாய் என்று கேட்பவராக இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அறிவியல் இரவு விழாவும் பெரும்பாலும் ஒளிப்படத்தோடு முடிந்துவிடுகிறது. உணவும், உடன் வரும் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், வண்டிச் செலவும் கொடுக்காத நிகழ்ச்சிக்கு ஏற்கெனவே வசதியுள்ள குடும்பங்களே வந்து சேரும்.

பின்னலும் வடிவியலும்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அறிவைப் பாடமாக ஆக்கிய முயற்சிகள் தனி வகை. ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்கக் கிராம அமைப்பு, துணி, சிற்பம், தலைப்பின்னல் ஆகியவற்றில் ஒரே வடிவம் சிறிதாகிச் சிறிதாகித் திரும்ப வரும் ஃப்ராக்டல் அமைப்புகளை ஆராய்ந்து 1999இல் ஆப்பிரிக்கன் ஃப்ராக்டல்ஸ் என்ற நூலை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக, கார்ன்ரோ எனப்படும் தலையோடு ஒட்டிய பின்னல்களைக் கணினியில் வரையும் மென்பொருளை அவருடைய குழு உருவாக்கியது. ஒரு பின்னல் முடிச்சை எடுத்து, எவ்வளவு நகர்த்த வேண்டும், எத்தனை பாகை சுழற்ற வேண்டும், எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும், எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டும் என்று மாணவர் எண்களாகக் கொடுக்கிறார். இடப்பெயர்வு, சுழற்சி, எதிரொளிப்பு என்று உருமாற்ற வடிவியலில் படிப்பவை எல்லாம் இதில் வந்துவிடுகின்றன.

இங்கே வல்லுநர் யார்? பேத்தியின் தலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னும் பாட்டி. வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கையாலேயே கணித்துவிடுபவர் அவர். திரையில் பின்னல் கோணலாகும்போது பேத்தி பாட்டியிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. முடியை நேராக்கும் களிம்பிலும் ஒரு வேதியியல் பாடம் உண்டு. அவற்றில் ஒரு வகையில் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ளது. அது வலிமையான காரம். கூடுதல் நேரம் வைத்தால் தோல் ஏன் எரிகிறது, கழுவும்போது நடுநிலையாக்கும் ஷாம்பு ஏன் வேண்டும் என்பது பல வீடுகளில் அனுபவமாகத் தெரிந்த செய்தி. பிஹெச் அளவுகோலை இதைவிட நன்றாகத் தொடங்கி வைக்கும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன் சிறுமியாக இருந்தபோது விரலில் சிராய் ஏறிச் சீழ் பிடித்தது. ஆசிரியையாக இருந்த தாய் அதையே ஒரு பாடமாக்கி, சீழ் என்பது என்ன என்று தேடச் சொன்னார். அவர் சீழைப் பற்றியே ஒரு செயல்திட்டம் செய்து முடித்தார். ஆசிரியையான தாய் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் போய்ப் பார் என்று சொல்ல ஆசிரியப் பயிற்சி தேவையில்லை.

நம்பிக்கையின்மையின் வேர்

அறிவியல் நிறுவனங்களைக் கறுப்பினக் குடும்பங்கள் தயக்கத்தோடு பார்ப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கீகி பகுதியில் சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய் இருந்தது. நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1940களில் பெனிசிலின் மருந்து கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குச் சிகிச்சை தரப்படவில்லை. நோய் மனைவியருக்கும் பரவியது. குழந்தைகளும் நோயோடு பிறந்தனர். கார்வரின் வண்டி புறப்பட்ட அதே ஊரில் இது நடந்தது என்பது வேதனையானது.

இதைக் கேட்டு வளர்ந்த தாத்தா, மருத்துவ ஆய்வகத்தில் கோடைப் பயிற்சிக்குப் போகும் பேரனைச் சந்தேகத்தோடு பார்த்தால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நல்ல ஆசிரியர்கள் இந்த வரலாற்றை மறைப்பதில்லை. ஆய்வில் பங்கேற்பவரின் ஒப்புதல் பற்றிய இன்றைய விதிகள் பலவும் இந்தக் கொடுமை வெளிவந்த பின்னரே பிறந்தன. அதைக் குடும்பத்தோடு பேசுவதும் அறிவியல் பாடமே.

சனிக்கிழமைப் பள்ளிகளும் முகாம்களும்

டெட்ராய்ட் நகரில் 1976இல் தொடங்கிய பொறியியல் முன்கல்வித் திட்டம், பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக வளாகங்களுக்கு வரவழைத்து அறிவியல், பொறியியல் வகுப்புகளை நடத்துகிறது. 1975இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம், 2007 முதல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வாரக் கோடை முகாம்களை நடத்தி வருகிறது. அங்கே கற்பிப்பவர்கள் பெரும்பாலும் பொறியியல் படிக்கும் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள். வார இறுதியில் பிள்ளைகள் தாங்கள் செய்த பொருளைக் குடும்பத்தார் முன்னிலையில் இயக்கிக் காட்டி விளக்குகிறார்கள். முகாமில் பாடம் நடத்தும் அந்த அண்ணனையோ அக்காவையோ பார்த்துப் பேசும் தாய்க்கு, என்ன படித்தீர்கள், உதவித்தொகை எப்படிக் கிடைத்தது என்று கேட்க ஆள் கிடைக்கிறது. பல குடும்பங்களுக்கு முகாமின் பெரிய பயன் இதுவே.

மகளுக்கு ஏற்ற இடம் தேடி ஏமாந்த ஒரு தாயின் முயற்சியாகப் பிறந்தது பிளாக் கேர்ள்ஸ் கோட். மின் பொறியாளரான கிம்பர்லி பிரையன்ட், கணினி விளையாட்டில் ஆர்வம் கொண்ட மகளைக் கோடை முகாமில் சேர்த்தபோது அங்கே அவளைப் போன்ற பெண்கள் மிகச் சிலரே இருப்பதைக் கண்டார். 2011இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கறுப்பினச் சிறுமியருக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளைத் தொடங்கினார். பின்னர் அது வேறு பல நகரங்களுக்கும் பரவியது.

இந்த முகாம்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகஸ்டில் ரோபோ செய்த பிள்ளை செப்டம்பரில் பள்ளிக்குத் திரும்பும்போது, அங்கே அதற்குரிய கணித வகுப்பு இல்லாவிட்டால் ஆர்வம் அப்படியே நின்றுபோகும். ஆகவே முகாமின் கடைசி நாளில் பெற்றோரிடம் கொடுக்கத் தக்க பொருள், சான்றிதழைவிட, பள்ளியில் கேட்க வேண்டிய சில கேள்விகள் எழுதிய ஒரு தாள்: எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் உண்டா? சேர என்ன தகுதி? யார் முடிவு செய்கிறார்கள்? மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடலாம்? எந்தத் தேதிக்குள்?